ஏரிக்கரையில் பூவும் புள்ளும்



தமிழ்நாட்டின் வடபகுதிக்கு முன்னோர் தொண்டை மண்டலம் என்று பெயரிட்டு வழங்கினர். காவிரியைப் போன்ற பெருநதி ஒன்று பாயாத இந்நிலப்பகுதியில், மக்கள் மழைநீரைத் தேக்கிவைத்து வாழ வேண்டியவராயினர். ஆகவே ஊர்தோறும் ஏரி வெட்டினர். ஓர் ஏரி நிரம்பி வழிந்தால் அந்நீர் அடுத்த ஏரிக்குச் சென்று சேரும்படி, சங்கிலிக் கண்ணிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக அவற்றை அமைத்தனர். செங்கற்பட்டுப் பகுதிக்கு ஏரி மாவட்டம் என்ற பெயர் இதனாலேயே ஏற்பட்டது.

ஏரி என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது நீர்ப்பரப்பு ஒன்றே. ஆனால் ஏரிக்கு உறுப்புகள் பல உண்டு. நீரைத் தாங்கி நிற்பது கரை. வயலுக்கு நீர் விடுவது மதகு. மிகுந்த நீரை வெளியேற்றுவது கலங்கல். மழைநீரைக் கொண்டுவந்து சேர்ப்பது வரத்துக்கால். கரைக்கு எதிர்ப்புறத்தில் மெல்லச் சரிந்து வரும் நிலம் நீர்ப்பிடிப்பு. அதற்கும் அப்பால் புதரும் முள்ளும் மண்டிய மேட்டுநிலம் உண்டு. இதைக் குறுங்காடு எனலாம். இக்குறுங்காட்டை ஏரியின் உறுப்பாக எண்ணுவோர் மிகச் சிலரே. அரசாங்கக் கணக்கில் புறம்போக்கு என்றும், பேச்சு வழக்கில் தரிசு என்றும் அது ஒதுக்கப்பட்டுவிடுகிறது. கரையில் தொடங்கிக் குறுங்காடு வரையில் ஒருமுறை நடந்து, வழியில் எதிர்ப்படும் பூக்களையும் பறவைகளையும் கவனித்து வந்தால், அந்நிலம் ஏரிக்கு எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கும். அத்தகைய நடை ஒன்றையே இன்று மேற்கொள்ள இருக்கிறோம்.

நாம் தேர்ந்துகொள்ளும் இடம் வேடந்தாங்கல். சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், மதுராந்தகத்துக்கு அருகில் இவ்வூர் உள்ளது. 2019ஆம் ஆண்டில் புதிதாக அமைந்த செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. தாங்கல் என்பது சிறிய ஏரிக்கு இவ்வட்டாரத்தில் வழங்கும் பெயர். பெயருக்கேற்ப இவ்வேரியும் சிறியதே. பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர். நல்ல மழை பெய்த ஆண்டுகளில் இச்சிறு பரப்பில் 30,000 பறவைகள் வரையில் வந்து கூடுகின்றன. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஏரியில் நீர் ஏறியதும் அவை வரத் தொடங்கும். மாசி, பங்குனி வரையில் தங்கியிருக்கும். மார்கழியும் தையும் நம் நடைக்கு ஏற்ற மாதங்கள். வேளை, பொழுது புலர்ந்த நேரம் அல்லது மாலை நான்கு மணிக்குப் பின்.

முதலில் கரை. கரையின் சரிவில் நம் கண்ணை முதற்கண் கவர்வது ஆவாரை. பொங்கலுக்கு முன்னாள் வீட்டு வாயிலில் காப்புக் கட்டுவதற்குப் பூளையுடனும் வேப்பிலையுடனும் இதைச் சேர்த்துக் கட்டும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. பொன்னிறமான இப்பூவை நாம் பலமுறை பறித்திருப்போம். ஆயினும் இதன் தொழில் நுட்பத்தைக் கவனித்திருக்க மாட்டோம். ஆவாரம்பூவில் தேன் இல்லை. வண்டுக்கு அது அளிப்பது மகரந்தம் ஒன்றே. அந்த மகரந்தமும் திறந்து கிடப்பதில்லை. நுனியில் சிறு துளை மட்டும் உள்ள குழல் போன்ற பைகளில் அடைபட்டிருக்கிறது. மரத்தைக் குடைந்து வாழும் கரிய பெருந்தேனீ ஒன்று வந்து பூவைக் கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு, சிறகை விரிக்காமலே உடலை அதிரச் செய்கிறது. அவ்வதிர்ச்சியினால் உப்புக்குப்பியைக் கவிழ்த்து உலுக்கினாற்போல் மகரந்தம் துளை வழியே தூவப்பெறுகிறது. காலை வேளையில் ஆவாரஞ்செடியின் அருகில் சற்று நின்றால் விட்டுவிட்டு எழும் ரீங்காரம் கேட்கும். அது பறக்கும் ஒலியன்று. மகரந்தத்தை உதிர்க்கும் ஒலி.

ஆவாரையின் காலடியில் தும்பை வெண்மையாகப் பூத்திருக்கும். புல்லுக்கிடையே விஷ்ணுகிரந்தி நீலப் பொட்டுகளைப் போலத் தெரியும். ஈரம் மிகுந்த இடங்களில் பொடுதலை தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும். வேலி ஓரத்தில் கார்த்திகை வரையில் வந்தவர்கள் செங்காந்தளைக் கண்டிருப்பார்கள். தமிழ்நாட்டின் மாநிலப் பூ இது. இதழ்கள் மேல்நோக்கி மடங்கி, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாகத் தீப்பிழம்பு போல் நிற்கும். நாள் செல்லச் செல்ல முழுச் சிவப்பாக மாறும். இலையின் நுனியே கொடிச்சுருளாக நீண்டு பக்கத்துப் புதரைப் பற்றிக்கொண்டு ஏறுவது இதன் தனிச் சிறப்பு. புதர் இல்லையேல் காந்தளுக்கு ஊன்றுகோல் இல்லை. இதன் கிழங்கு கடும் நஞ்சு. அந்நஞ்சிலிருந்தே கீல்வாதத்துக்கு மருந்தும் கிடைக்கிறது. ஆகவே கண்ணால் கண்டு மகிழ வேண்டிய பூ இது; கிழங்கைக் கிண்டிப் பார்ப்பதற்குரியதன்று.

பூவின் நிறத்துக்கும் மணத்துக்கும் பொருள் உண்டு என்பதை இவ்விடத்தில் சொல்லிவிடுவது நலம். ஒவ்வொரு பூவும் தனக்கு வேண்டிய விருந்தினரை அழைக்கும் முறையிலேயே அமைந்திருக்கிறது. இரவில் மலரும் பூக்கள் பெரும்பாலும் வெண்மையாகவும் மணமுடையனவாகவும் இருப்பதற்குக் காரணம், இருளில் பறக்கும் அந்துப்பூச்சிக்கு அவ்விரண்டும் வழிகாட்டும் என்பதே. பறவைகளை அழைக்கும் பூக்களோ சிவப்பாகவும், தேன் மிகுந்தும், மணமின்றியும் இருக்கின்றன. சிவப்பு நிறம் பறவையின் கண்ணுக்கு நன்கு புலப்படும். மணத்தைத் தேடிப் பறவைகள் மலரிடம் வருவதில்லை. மாசி மாதத்தில் இலையுதிர்த்து நிற்கும் கலியாண முருங்கை மரத்தைப் பாருங்கள். இலை ஒன்றுகூட இல்லாத கிளைகளில் செக்கச் சிவந்த பூங்கொத்துகள் நிற்க, மைனாவும் காகமும் தேன்சிட்டும் கூடி இரைச்சலிடும். அலகிலும் நெற்றியிலும் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அவை அடுத்த மரத்துக்குப் பறக்கும்.

கரையின் மீது ஏறி நின்றால் நீர்ப்பரப்பு தெரியும். இவ்வட்டார ஏரிகளில் ஆழம் குறைந்த ஓரங்களில் ஆம்பலும் நெய்தலும் பூக்கின்றன. வெள்ளாம்பல் மாலையில் விரிந்து, இரவெல்லாம் மலர்ந்திருந்து, மறுநாள் வெயில் ஏறியதும் குவியும். நீலநிறமான நெய்தல் காலையில் விரிந்து பிற்பகலில் குவியும். ஆகவே விடியற்காலையில் வருபவர் இரண்டையும் ஒருங்கே காணலாம். நண்பகலில் வருபவர் ஆம்பல் பூக்கவில்லை என்று எண்ணித் திரும்பிவிடுவார். இவற்றின் மிதக்கும் இலைகளின்மேல் ஒரு பறவை தரையில் நடப்பதுபோல் நடந்து செல்லும். அதற்கு இலைக்கோழி என்று பெயர். அதன் கால்விரல்கள் மிக நீண்டவை. உடலின் எடை பல இலைகளின்மேல் பரவிவிடுவதால் இலை அமிழ்வதில்லை. அதே இலைகளின்மேல் கூடு கட்டி முட்டையிடுவதும் அப்பறவையின் வழக்கம். ஆம்பற்கொடி அழிந்த ஏரியில் இலைக்கோழிக்கு வாழ்விடம் இல்லை.

ஏரியின் நடுவே நீரில் நின்றுகொண்டிருக்கும் மரங்களே வேடந்தாங்கலின் உயிர்நிலை. அவற்றுள் முக்கியமானது நீர்க்கடம்பு. அடிமரம் மாதக்கணக்கில் நீரில் மூழ்கியிருந்தாலும் அழுகாத இயல்புடையது. இதன் பூக்கள் ஒரு முழ நீளச் சரங்களாகத் தொங்கும். ஒவ்வொரு பூவும் சிவந்த பட்டு நூற்குஞ்சம் போன்றிருக்கும். இரவில் மலர்ந்து விடியலில் உதிர்ந்துவிடுவதால், பூக்கும் பருவத்தில் மரத்தடி நீர் சிவப்பு விரிப்பாகக் காட்சியளிக்கும். நீர்க்கடம்புடன் கருவேல மரங்களும் உண்டு. இம்மரங்களின்மேல்தான் ஆயிரக்கணக்கான கூடுகள் அமைகின்றன. மரத்தைச் சுற்றி நீர் நிற்பதே பறவைகளுக்கு அகழி. கீரியும் பூனையும் நரியும் நீந்தி வந்து மரமேறத் துணிவதில்லை. ஏரியில் நீர் இல்லாத ஆண்டில் மரங்கள் இருந்தும் பறவைகள் கூடு கட்டாமல் சென்றுவிடுவது இதனாலேயே.

இப்பறவைகள் யாவும் கடல்கடந்து வருவன என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் வேண்டும். இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நாரை, கொக்கு, நீர்க்காகம், கூழைக்கடா ஆகியவை பெரும்பாலும் நம் நாட்டிலேயே வாழ்பவை. மழையும் இரையும் உள்ள இடத்தைத் தேடி மாநிலம் விட்டு மாநிலம் செல்வன அவை. சைபீரியாவிலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் வருபவை ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து முதலியன. இவை அங்கே கடுங்குளிர் வந்ததும் இங்கே வந்து பசியாறிவிட்டு, கோடை தொடங்கியதும் திரும்பிச் சென்று அங்கேயே குஞ்சு பொரிக்கும். முன்னவை நம் ஏரியைப் பிள்ளைப்பேற்று வீடாகக் கொள்கின்றன. பின்னவை சத்திரமாகக் கொள்கின்றன. நாரை தெற்கும் வடக்கும் பெயர்ந்து செல்லும் வழக்கத்தை நம் புலவர்கள் முன்பே அறிந்திருந்தனர். வறுமையில் வாடிய சத்திமுத்தப் புலவர் தம் இல்லத்துக்கு நாரையைத் தூது விட்டுப் பாடியது இதற்குச் சான்று.

ஒரே ஏரியில் இத்தனை வகைப் பறவைகள் எங்ஙனம் பகையின்றி வாழ்கின்றன? அலகை நோக்கினால் விடை கிடைக்கும். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் சற்று விலகி, இரு பாதிகளுக்கும் இடையே ஓர் இடைவெளி காணப்படும். குஞ்சுக்கு இந்த இடைவெளி இல்லை, வளரும்போதே உண்டாகிறது. வயலிலும் ஏரியிலும் உள்ள நத்தைகளே இதன் முக்கிய உணவு. கீழ் அலகின் நுனியை நத்தையின் மூடிக்குள் செலுத்தி, தசையை அறுத்து, ஓட்டை உடைக்காமலே உடலை வெளியே இழுத்துவிடும். மஞ்சள் மூக்கு நாரை, பாதி திறந்த அலகை நீருக்குள் வைத்துக்கொண்டு நடக்கும். மீன் அலகில் பட்டதும் மூடிவிடும். கரண்டிவாயன் தன் தட்டையான அலகை நீரில் இடமும் வலமும் வீசி அரிக்கும். அரிவாள் மூக்கன் சேற்றைக் குத்திப் புழுவை எடுக்கும். கூழைக்கடா தன் தோற்பையால் நீரோடு மீனை முகந்துகொள்ளும். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் மூழ்கிச் சென்று பிடிக்கும்; அவற்றின் சிறகு நீரை உறிஞ்சுமாதலால், கரையேறியதும் சிறகை விரித்து வெயிலில் உலர்த்துவதைக் காணலாம். வக்கா என்னும் இராக்கொக்கு, மற்றவை உறங்கச் செல்லும் வேளையில் இரை தேடப் புறப்படும். ஆக, உணவும் வேறு, அதைப் பெறும் முறையும் வேறு, வேளையும் வேறு. கூடு கட்டுவதிலும் இத்தகைய ஒழுங்கு உண்டு. பெரிய நாரைகள் மரத்தின் முடியிலும், சிறிய கொக்குகள் கீழ்க் கிளைகளிலும் இடம் கொள்கின்றன.

அடைகாக்கும் காலம் நாரைகளுக்கு ஏறத்தாழ நான்கு வாரம். குஞ்சு பறக்க மேலும் இரண்டு மாதம் ஆகும். வெயில் கடுமையாகும்போது தாய்ப்பறவையோ தந்தைப்பறவையோ கூட்டின்மேல் சிறகை விரித்து நின்று குஞ்சுகளுக்கு நிழல் தரும். வாயில் நீர் கொண்டுவந்து அவற்றின்மேல் சொரிவதும் உண்டு. கரைமீது நின்று தொலைநோக்கிக் கண்ணாடி வழியே இக்காட்சியைக் கண்டவர்கள், பறவையைக் கல்லெறிந்து கலைக்க ஒருபோதும் மனம் துணிய மாட்டார்கள்.

இனி, இவ்வூர் மக்களின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். இத்தனை பறவைகளின் எச்சமும் ஏரிநீரில் கலக்கிறது. அதிலுள்ள உரச்சத்து நீரில் கரைந்து, மதகின் வழியே வயலுக்குச் செல்கிறது. நெற்பயிர் அதனால் செழித்து வளர்வதை உழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வந்தனர். ஆகவே பறவைகளைத் தங்கள் நிலத்தின் துணையாக மதித்துக் காத்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கு வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டு, பறவைகளைச் சுடலாகாது என்று கவுல் என்னும் உரிமை ஆவணம் பெற்றனர். அது தொலைந்துவிடவே, 1858இல் மீண்டும் ஓர் ஆணை பெற்றனர் என்பர். பறவைகளைக் காக்கச் சட்டங்கள் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே, ஓர் ஊர் முழுவதும் கூடிக் கேட்டுப் பெற்ற பாதுகாப்பு இது. 1936இல் இவ்விடம் பறவைகள் புகலிடமாக ஏற்கப்பட்டது. 1998இல் வெளியான அறிவிக்கையின்படி, ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம் சரணாலய எல்லைக்குள் வந்தது. 2022ஆம் ஆண்டில் வேடந்தாங்கலும் அதன் அண்டையிலுள்ள கரிக்கிலி ஏரியும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன.

முப்பது ஹெக்டேர் ஏரியைக் காக்க 5 கிலோமீட்டர் வட்டம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். முப்பதாயிரம் பறவைகளும் அவற்றின் குஞ்சுகளும் நாள்தோறும் உண்ணும் மீனும் நத்தையும் தவளையும் இந்தச் சிறு ஏரியிலிருந்து மட்டும் கிடைக்குமா? ஒருக்காலும் கிடைக்கா. விடியலில் கூட்டங்கூட்டமாக அவை வெளியே செல்வதையும், மாலையில் நாலா திசைகளிலிருந்தும் திரும்புவதையும் கரையில் நிற்பவர் கண்கூடாகக் காணலாம். சுற்றுப்புறத்து ஊர்களின் ஏரிகளும் நெல்வயல்களுமே அவற்றின் உணவுக்கூடம். வேடந்தாங்கல் அவற்றின் படுக்கையறை மட்டுமே. உணவுக்கூடத்தை இடித்துவிட்டுப் படுக்கையறையைப் பூட்டிவைப்பதால் பயன் என்ன?

இப்பொழுது நம் நடையின் இறுதிக் கட்டத்துக்கு வருகிறோம். நீர்ப்பிடிப்பைச் சுற்றிக்கொண்டு மேட்டுநிலம் ஏறினால், பார்வைக்கு வறண்ட புதர்க்காடு தென்படும். முதலில் வெட்டவெளியான கரட்டுத்தரை. ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டு நம் தலைக்குமேல் வட்டமிட்டால், அங்கேயே நின்றுவிட வேண்டும். அது கூடு கட்டுவதில்லை. கூழாங்கற்களின் நடுவே தரையில் முட்டையிடும். முட்டையின் நிறமும் புள்ளியும் கல்லைப் போன்றே இருப்பதால் நம் காலடியில் நசுங்கினாலும் தெரியாது.

அப்பால் புதர்கள். காசான் எனப்படும் காயாவின் கொம்பெல்லாம் மழைக்குப்பின் நீலப் பூக்கள் கொத்துக்கொத்தாகப் பூக்கும். திருமாலின் நிறத்துக்கு இலக்கியம் உவமை கூறுவது இந்தப் பூவையே. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொன்ன தொண்ணூற்றொன்பது பூக்களுள் பலவற்றை நாம் ஏட்டில் மட்டுமே அறிவோம். அவற்றுள் சில இன்றும் ஊருக்கு வெளியே, நாம் தரிசு என்று பெயரிட்ட நிலத்தில் பூத்துக்கொண்டிருக்கின்றன. களாச்செடியின் வெண்பூ மல்லிகையை ஒத்து மணக்கும். சூரைமுள், காரை, நுணா, நொச்சி ஆகியவை பக்கத்திலேயே நிற்கும். களாப்பழத்தையும் சூரைப்பழத்தையும் கொண்டைக்குருவி உண்டு, விதையை வேறிடத்தில் எச்சத்தோடு விடும். கௌதாரியும் செண்பகமும் புதரின் அடியில் நடமாடும். கொண்டலாத்தி தரையைக் குத்திப் புழு தேடும்.

இக்குறுங்காட்டில் ஒரு சிறு நாடகத்தைக் கவனிக்கலாம். மரக்கிளைகளில் புல்லுருவி ஒட்டி வளரும். அதன் நீண்ட குழல் போன்ற பூவில் தேனருந்தத் தேன்சிட்டும், பூக்கொத்தி என்னும் கட்டைவிரல் அளவான குருவியும் வரும். புல்லுருவியின் பழத்தை உண்ணும் பூக்கொத்திக்கு அதன் விதை தொல்லையாகிறது. ஏனெனில் அது பசையினால் சூழப்பட்டது. குருவி அதை எளிதில் நீக்க இயலாமல் உடலைக் கிளையில் தேய்க்கும். விதை கிளையில் ஒட்டிக்கொண்டு அங்கேயே முளைத்துவிடும். மண்ணில் விழுந்தால் வாழ முடியாத செடிக்கு, மரக்கிளையில் விதைப்பவன் இந்தச் சிறு குருவியே.

இக்குறுங்காடு ஏரிக்குச் செய்யும் உதவி யாது? பெருமழை பெய்யும்போது மேட்டுநிலத்து மண் கரைந்து ஏரிக்குள் வராதபடி இப்புதர்களின் வேர் பற்றி நிறுத்துகிறது. புதர் அழிந்தால் வண்டல் வந்து ஏரி தூர்ந்துபோகும். தூர்ந்த ஏரியில் நீர் மாசி வரையில் நிற்காது. நீர் வற்றினால் கூட்டிலுள்ள குஞ்சுக்குப் பாதுகாப்பு இல்லை, நவரைப் பயிருக்கும் பாய்ச்சல் இல்லை. பெரிய பறவைகள் கூடு கட்டச் சுள்ளி எடுப்பதும் சுற்றுப்புறத்து மரஞ்செடிகளிலிருந்தே. வயலில் பூ பிஞ்சாவதற்கு உதவும் தேனீயும் வண்டும் ஆண்டு முழுதும் உணவு பெறுவது இப்பூக்களிலேயே. ஆகத் தரிசு என்று நாம் இகழும் நிலம், கரையைப் போலவும் மதகைப் போலவும் ஏரியின் உறுப்பே ஆகும்.

இவ்வமைப்புக்கு இன்று நேர்ந்துள்ள இடையூறுகளும் சில உள. ஒரு காலத்தில் விறகுக்காகப் பரப்பப்பட்ட சீமைக்கருவேலம், ஏரிப்படுகைகளிலும் புறம்போக்கு நிலங்களிலும் அடர்ந்து, நாட்டுச் செடிகளைத் தலையெடுக்க விடாமல் செய்கிறது. ஆயினும் சில ஏரிகளில் பறவைகள் அதன்மேலும் கூடு கட்டியிருக்கின்றன. ஆதலால் அதை ஒரே நாளில் வேரோடு பிடுங்காமல், நீர்க்கடம்பையும் கருவேலத்தையும் முன்னதாக வளர்த்துவிட்டு, பறவைகள் இல்லாத பருவத்தில் பையப் பைய அகற்றுவதே அறிவுடைமை. வெங்காயத்தாமரை என்னும் அயல்நாட்டு நீர்ச்செடி பரப்பை மூடிக்கொண்டால் ஆம்பலுக்கு ஒளியில்லை. அடியிலுள்ள மீனுக்குக் காற்றும் குறையும். பூச்சிகளைக் கொல்ல வயலில் தெளிக்கும் நஞ்சு நத்தையிலும் மீனிலும் சேர்ந்து, அவற்றை உண்ணும் பறவையைச் சென்றடையும். இவை போதாவென்று, 2020ஆம் ஆண்டில் சரணாலய வட்டத்தின் எல்லையை 5 கிலோமீட்டரிலிருந்து 3 கிலோமீட்டராகக் குறைக்கலாம் என்ற முன்மொழிவும் எழுந்தது. அதை எதிர்த்து இயற்கை ஆர்வலரும் பொதுமக்களும் குரல் எழுப்பினர். விட்டுவிடக் கருதிய அந்த இரண்டு கிலோமீட்டரில் இருப்பவை யாவை? நாம் இதுகாறும் பேசிவந்த வயலும் சிற்றேரியும் புதர்க்காடுமே.

பறவைக்கும் பயிருக்கும் இடையே சில வேளைகளில் வழக்கு ஏற்படுவதும் உண்டு. குஞ்சு சிறகு முளைக்கும் காலத்தில் மரத்தடியில் நீர் நிற்க வேண்டும். அதே காலத்தில் வயலுக்கும் நீர் வேண்டும். மழை குறைந்த ஆண்டில் இது கடினமான வழக்கு. உழவனுடைய தேவையை மறந்துவிட்டுப் பறவையைக் காக்க எண்ணுவது நியாயமும் அன்று, நடக்கக்கூடியதும் அன்று. இருவருக்கும் போதிய நீர் வேண்டுமானால் ஏரி ஆழமாகவும், வரத்துக்கால் அடைபடாமலும், மேட்டுநிலத்து மண் கரையாமலும் இருத்தல் வேண்டும். முன்னோர் குடிமராமத்து என்ற பெயரில் ஊர்கூடி இப்பணியைச் செய்தனர். தூர் வாரும்போது நீர்க்கடம்பின் வேரைச் சிதைக்காமலும், ஆம்பற்கிழங்கு முழுவதையும் வாரி எறியாமலும், ஓரத்துச் சரிவை மதிலைப் போலச் செங்குத்தாக வெட்டிவிடாமலும் செய்ய வேண்டும். ஓரம் சரிவாக இருந்தால்தான் ஆழமற்ற நீரில் கொக்கு நின்று இரை தேட முடியும்.

வேடந்தாங்கல் எல்லோருக்கும் அருகில் இல்லை. ஆனால் ஏரியோ குளமோ கண்மாயோ இல்லாத ஊர் தமிழ்நாட்டில் அரிது. விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஏதேனும் ஓர் ஏரிக்கரைக்குச் செல்லுங்கள். பளபளக்கும் ஆடையைத் தவிர்த்து, உரத்த பேச்சின்றி, மெல்ல நடந்து செல்லுங்கள். பூவைப் பறிக்காமல் அது நிற்கும் இடத்திலேயே பாருங்கள். பெயர் தெரியாத செடியை, ஆடு மேய்க்கும் முதியவரிடமோ மூலிகை பறிக்கும் மூதாட்டியிடமோ கேட்டுப் பாருங்கள். நூலில் இல்லாத பெயர்கள் அவர்கள் நாவில் இருக்கும். பிள்ளைகள் கண்ட பூவையும் பறவையையும் நாளிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவரட்டும். ஆண்டுக்கு ஆண்டு எது முன்பே வருகிறது, எது வரத் தவறியது என்பதை அக்குறிப்பேடு காட்டிவிடும். நாளை அவ்வூரில் மேட்டுநிலத்தைச் சமன் செய்யவோ ஏரியைத் தூர்க்கவோ பேச்சு எழுமானால், அங்கே இன்ன பூ பூக்கிறது, இன்ன பறவை முட்டையிடுகிறது, அதனால் இன்ன வயல் விளைகிறது என்று எடுத்துச் சொல்ல ஊரில் ஒருவராவது இருத்தல் வேண்டும். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பு கலெக்டரிடம் சென்று நின்ற வேடந்தாங்கல் மக்களுக்கு, தங்கள் ஏரியைப்பற்றி அவ்வளவு தெரிந்திருந்தது.